வாளிக்குள் ஒரு பாகப்பிரிவினை

"இதுக்குள்ள இருந்த மண்ணெல்லாம் எங்க தம்பி போச்சு?"

அம்மா கேட்ட கேள்வி. மலையகத்து டயகமவில் எங்கள் லயத்து இஸ்தோப்பில் உரச் சாக்கை விரித்து, அதன்மேல் ஒரு பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்திருந்தோம். ஆறு வருசத்துக்கு முன் அந்த வாளியில் மண்ணும் மாட்டெருவும் பாதிக்குப் பாதி கலந்து, கழுத்துவரை நிரப்பி, மூன்று குருத்துள்ள செடியொன்றை நட்டவர் அம்மாதான். இப்போது உள்ளிருந்து வந்தது வாளியின் அச்சில் வார்த்தெடுத்த மாதிரி ஒரு வேர்க்கட்டி. சுண்டுவிரல் தடிமனில் வெள்ளை வெளேரென்ற வேர்கள், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தன. விரலை விட்டுத் தோண்டினாலும் ஒரு பிடி மண் தேறவில்லை. வாளியின் பக்கங்கள் உப்பி, ஓர் இடத்தில் பிளாஸ்டிக் கீறியும் இருந்தது.

செடியின் பெயர் அகபாந்தஸ். துரை பங்களாப் புல்வெளி ஓரங்களில் வரிசையாக நிற்குமே, இரண்டு விரல் அகல நீண்ட இலையும், நடுவில் கை நீளக் காம்பும், காம்பின் உச்சியில் குடை விரித்ததுபோல நீலப் பூக்கொத்தும், அதுதான். தென்னாபிரிக்காச் செடி, வெங்காயத்துக்கும் தூரத்து உறவு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குடைப்பூ. இங்கேயும் அப்படியே அழைப்போம்.

மூன்றாம் வருசம் ஒன்பது குடை விரித்தது. ஐந்தாம் வருசம் ஐந்து. போன தடவை வெறும் இரண்டு. இலை மட்டும் வாளி கொள்ளாமல் வழிந்தது. தண்ணீர் குறையவில்லை, எரு குறையவில்லை. பின்னே என்ன குறை?

மண் தின்ற செடி

அம்மாவின் கேள்வி பழைய கேள்வி. பெல்ஜியம் பக்கத்து வைத்தியர் யான் பாப்திஸ்டா வான் ஹெல்மொண்ட் இதையே கேட்டு, ஒரு தொட்டியில் காயவைத்த மண்ணை 200 இறாத்தல் நிறுத்துப் போட்டு, 5 இறாத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து வருசம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கடைசியில் மரம் 169 இறாத்தலுக்குக் கொஞ்சம் மேல். மண்ணைக் காயவைத்து நிறுத்தால், குறைந்தது வெறும் இரண்டு அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது.

மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மீதிப் பாதி காற்றிலிருந்து வந்தது என்பது பிற்பாடு வந்தவர்கள் கண்டது: இலை காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, தண்ணீரோடும் வெயிலோடும் சேர்த்துத் தன் உடம்பைத் தானே சமைக்கிறது. மண்ணிலிருந்து எடுப்பது உப்பளவு. சோற்றுக்கு உப்பு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம்தான். ஆனால் உப்பு சோறாகாது.

அப்படியென்றால் எங்கள் வாளி மண்ணைச் செடி தின்னவில்லை. பாதி மண், பாதி எரு என்றேனே, அந்த எருவை நுண்ணுயிர்கள் தின்று காற்றாக விட்டுவிட்டன. ஆறு மழைக்காலம் வாளி ஓட்டை வழியாகக் கபிலநிறத் தண்ணீராக இன்னொரு பங்கைக் கழுவிக்கொண்டு போனது. மிஞ்சிய களிமண் வேர்களின் இடுக்கில் மாவாக அப்பிக் கிடக்கிறது. காலியான இடத்தையெல்லாம் வேர் பிடித்துக்கொண்டது. காற்றாலும் தண்ணீராலும் கட்டிய வேர்!

சுவரைக் கண்ட வேர்

வேருக்கு முனையில்தான் வளர்ச்சி. அந்த முனை வாளியின் சுவரில் முட்டியதும் மடங்கிச் சுவரோரமாகவே சறுக்கிப் போகிறது. ஜெர்மனியின் யூலிக் ஆராய்ச்சி நிலையத்தில், ஆஸ்பத்திரியில் மனிதரைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் பூச்சாடியை வைத்துப் பார்த்தார்கள். பயிர் நட்டு இரண்டு வாரத்துக்குள் வேர் சுவரைத் தொட்டுவிட்டது. முக்கால்வாசி வேர் சாடியின் வெளிப்பாதியில்தான் இருந்தது. நடுவில் நல்ல மண் சும்மா கிடக்க, எல்லாரும் வேலி ஓரத்தில் நின்று அடுத்த தோட்டத்தை எட்டிப் பார்ப்பதுபோல.

எட்டிப் பார்ப்பதோடு நிற்பதுமில்லை. வேர் எவ்வளவு பலமாகத் தள்ளும் என்று வில்ஹெல்ம் பெஃபர் என்ற ஜெர்மனியர் 1893இல் வேரைச் சாந்துக் கட்டிக்குள் புதைத்து அளந்தார். அழுத்தம் பத்து வளிமண்டலத்தையும் தொட்டது. ஓட்டோ டயருக்குள் அடிக்கும் காற்றைப்போல நாலைந்து மடங்கு. வாளி கீறாமல் என்ன செய்யும்?

சாடியின் அளவு செடியின் அளவை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. அதே யூலிக் நிலையத்தின் ஹென்ட்ரிக் பூர்ட்டரும் கூட்டாளிகளும் 2012இல், மற்றவர்கள் செய்த 65 ஆய்வுகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். சாடியின் கொள்ளளவை இரட்டித்தால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுகிறது. உரமும் தண்ணீரும் ஒழுங்காகக் கிடைத்தும் இப்படி. எட்ட இடமில்லை என்ற செய்தி வேரிலிருந்து மேலே போகிறது. மேலே இலை தன் கையைச் சுருக்கிக்கொள்கிறது.

ஒரே ரேசன், இருபத்திமூன்று அடுப்பு

குடைப்பூ வாளியில் அன்று எண்ணினோம்: இருபத்திமூன்று குருத்து. நட்டது மூன்று.

குடைப்பூவின் ஒரு குருத்து பூக்காம்பை விட்டதோடு அதன் உச்சி முடிந்துபோகிறது. அதே குருத்து மறுபடி உச்சியில் பூக்காது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அரும்பு ஒன்றோ இரண்டோ விழித்து, புதுக் குருத்தாக எழும்பி, தனக்கென்று இலை போட்டு, தனக்கென்று வேர் இறக்குகிறது. அடியில் எல்லாவற்றையும் இணைப்பது மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும் தடித்த தண்டு. அதை மட்டத்தண்டு என்போம். இஞ்சியும் மஞ்சளும் அப்படிப்பட்டவைதான்.

ஆகவே குடைப்பூவை ஒரு செடி என்று சொல்வது, லயத்தை ஒரு வீடு என்று சொல்வது மாதிரி. கூரை ஒன்று, சுவர் ஒன்று. ஆனால் காம்பராவுக்குக் காம்பரா தனி அடுப்பு, தனிக் குடும்பம். மூத்தவனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பைத் தட்டியால் மறைத்து இன்னோர் அடுப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்த கதை மலையகத்தில் யாருக்கும் புதிதில்லை.

பூ என்பது கையில் மிச்சம் இருக்கும்போது செய்யும் செலவு. ஒரு குருத்து போதுமான இலை போட்டு, அந்த இலை சமைத்ததில் ஒரு பங்கைத் தடித்த வேரிலும் மட்டத்தண்டிலும் சேர்த்துவைத்த பிறகுதான் பூக்காம்பு வரும். மூன்று குருத்துக்கு வந்த தண்ணீரையும் உப்பையும் இருபத்திமூன்று குருத்து பங்கிட்டால், எல்லாம் உயிரோடு இருக்கும். ஒன்றும் மிச்சம் பிடிக்காது. இலை வழிய, பூ குறைந்த இரகசியம் இதுதான். கொஞ்சம் நெருக்கம் நல்லது. மிகப் பெரிய சாடியில் தனியாக விட்டால் குடைப்பூ வேரும் இலையும் போட்டுக்கொண்டே பூவைத் தள்ளிப்போடும். மூன்றாம் வருசத்து நெருக்கம் ஒன்பது குடை தந்தது. ஆறாம் வருசத்து நெருக்கம் அதே நெருக்கமில்லை.

ஆட்டை வெட்டினால்

ஆட்டை இரண்டாக வெட்டினால் இரண்டு ஆடு கிடைக்காது, கறிதான் கிடைக்கும். செடியை வெட்டினால் இரண்டு செடி. இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் அதிசயமாகத் தெரிவதில்லை.

ஆட்டுக்கு ஒரே இதயம், ஒரே தலை. செடிக்கு அப்படித் தலைமையகம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு குருத்தின் நுனியிலும், ஒவ்வொரு இலைக் கக்கத்திலும், எப்போதும் இளமையாகவே இருக்கும் ஒரு சிறு கூட்டம் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை எந்த வேலைக்கும் இன்னும் ஒப்பந்தம் ஆகாதவை. இலையாகச் சொன்னால் இலை, தண்டாகச் சொன்னால் தண்டு, சில சமயம் வேரும்கூட. 1902இல் ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியர், செடியின் தனியோர் உயிரணுவிலிருந்தே முழுச்செடியை எழுப்ப முடியவேண்டும் என்று எழுதினார். செய்து காட்ட அவரால் முடியவில்லை. 1958இல் அமெரிக்காவில் ஸ்டூவர்டும் குழுவும் கரட் கிழங்கின் உயிரணுக்களிலிருந்து முழுக் கரட் செடியை வளர்த்துக் காட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. வாழையடி வாழை என்று கல்யாணப் பந்தலில் வாழ்த்துவது இந்த அறிவியலைத்தான். தேயிலையிலும் அதே கதை. பழைய மலைகள் விதைத் தேயிலை. பிறகு வந்தது வீ.பி. தேயிலை: ஓர் இலை, அதன் கணு, ஒரு விரல்கட்டைத் தண்டு, இவ்வளவுதான் ஒரு நாற்று. 1925இல் தொடங்கி, தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த தாய்ச்செடிகளின் நகல்கள் இன்று மலை மலையாக நிற்கின்றன. டி.ஆர்.ஐ. 2025 என்று ஓர் இனம் உண்டு. 2025 என்பது வருசமல்ல, இனத்தின் இலக்கம்.

வெட்டுத்துண்டுகளைப் பொலித்தீன் பைகளில் நட்டு வளர்க்கும் நாற்றுமேடைக்கு இங்கே தவறணை என்று பெயர். யாழ்ப்பாணத்துச் சிநேகிதரிடம் "அம்மா தவறணையில வேலை செஞ்சாங்க" என்று சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை. அங்கே தவறணை என்றால் கள்ளுக்கடை.

கொழுந்து கிள்ளும் விரல்

இளமையான அரும்பு இத்தனை இருந்தும் எல்லாம் ஏன் ஒரேயடியாக விழிப்பதில்லை? பதில் அம்மாவின் விரல் நுனியில் இருந்தது. முப்பது வருசம் கொழுந்து கிள்ளியவர்.

உச்சிக் குருத்து ஆக்சின் என்ற சுரப்பைக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. "நான் இருக்கேன், நீங்க தூங்குங்க" என்பது அதன் பொருள். உச்சியைக் கிள்ளினால் அந்தச் சேதி நின்றுபோகும். கீழே தூங்கிய அரும்புகள் எழும்பும். கொழுந்து கிள்ளக் கிள்ளத் தேயிலைச் செடி மேசைபோலப் படர்வது இதனால்தான். திமான், ஸ்கூக் என்ற இருவர் 1933இல் அவரைச் செடியின் உச்சியை வெட்டிவிட்டு, வெட்டின இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். உச்சி இல்லாமலே அரும்புகள் தூங்கின.

கதை அத்தோடு முடியவில்லை. உச்சியைக் கிள்ளியதும் ஆக்சின் வடிந்து இறங்க நேரமாகும். அரும்போ அதற்கு முன்பே அசைகிறது. 2014இல் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பட்டாணிச் செடியில் காரணம் கண்டார்கள்: சர்க்கரை. உச்சிக் குருத்து பெரிய சாப்பாட்டுக்காரன். அவன் போனதும் அவன் பங்குச் சர்க்கரை கீழே திரும்புகிறது. வாசனை பட்டு அரும்பு எழும்புகிறது. கீழேயிருந்து வேர்நுனிகளும் தம் பங்குக்குச் சைட்டோகைனின் என்ற சுரப்பை மேலே அனுப்பி அரும்புகளைத் தட்டி எழுப்புகின்றன. சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்ட வேரில் புது நுனிகள் குறைவு. எனவே எழுப்ப ஆளும் குறைவு.

மட்டத்தண்டை வெட்டிப் பிரிக்கும்போது இந்த வலை முழுவதும் அறுகிறது. மூத்த குருத்தின் அதட்டல் கேட்காத இடத்தில் தூங்கும் அரும்பு விழிக்கும்.

பாண் கத்தி

பூ முடிந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. அதுதான் நேரம்.

வேர்க்கட்டியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டோம். காய்ந்த வேர் முறியும், ஊறின வேர் வளையும். கையால் பிரிக்கப் பார்த்தால் அசையவில்லை. கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காம்பராச் சித்தப்பா வந்தார். "அது மரத்துக்கு. இதுக்கு அது வேணாம்" என்று அம்மா குசினியிலிருந்து பாண் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தார். பல் வைத்த அந்தக் கத்தி, சாறு நிறைந்த வேரை நசுக்காமல் அறுத்தது. சூடு தண்ணீரில் கழுவிய கத்தி. செடியின் நோயை ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்குக் கடத்துவது பெரும்பாலும் கத்திதான்.

ஐந்து ஐந்து குருத்தாக நாலு பங்கு. பாகப்பிரிவினையில் எப்போதும் நடப்பதுபோல மூன்று பேர் ஒரு பங்கிலும் சேராமல் வேரில்லாமல் பிய்ந்து வந்தார்கள். எறியப்போன என்னை அம்மா தடுத்து, குசினிக் கரையில் ஈர நிழலில் குத்திவைத்தார். (இரண்டு பிழைத்தன.)

வெட்டுவாயில் அடுப்புக்கரி தூவி, ஒரு நாள் நிழலில் காயவிட்டோம். கரியைவிட முக்கியம் அந்த ஒரு நாள். வெட்டுப்பட்ட இடத்தின் உயிரணுக்கள் தக்கைபோன்ற ஒரு பூச்சைச் சுரந்து வாயை அடைத்துக்கொள்ள அவகாசம் வேண்டும். பச்சைப் புண்ணோடு ஈர மண்ணுக்குள் வைத்தால் பூஞ்சணத்துக்கு விருந்து.

நனைந்த மண்ணில் ஏன் வாடுகிறது?

நட்டு, தண்ணீர் ஊற்றி, மண் சொதசொதவென்று இருக்க, மறுநாளே இலை தொங்கிவிட்டது. சாடி மாற்றியவர் எல்லாரும் கண்ட காட்சி. உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள்.

தண்ணீர் குடிப்பது நாம் பார்க்கும் தடித்த வேரல்ல. அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் பூத்திருக்கும் வேர்மயிர்கள். ஒவ்வொன்றும் ஒற்றை உயிரணு. அமெரிக்காவில் ஹோவர்ட் டிட்மர் 1937இல் ஒரு வேலை பார்த்தார். ஓரடி அகலம், ஓரடி நீளம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த ஆழம் உள்ள பெட்டியில் ரை என்ற தானியப் பயிர் ஒன்றை நாலு மாதம் வளர்த்து, வேரைக் கழுவி எடுத்து அளந்தார். வேர்களின் மொத்த நீளம் 623 கிலோமீட்டர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் தீவின் நீளமே 430 கிலோமீட்டர் போலத்தான். வேர்மயிர்களின் எண்ணிக்கை சுமார் 1,400 கோடி. எல்லாம் ஒரே ஒரு பயிருக்கு, ஒரே ஒரு பெட்டிக்குள். குடைப்பூவின் வேர் அவ்வளவு நுணுக்கமில்லை. ஆனால் ஏற்பாடு அதுதான்.

செடியை உருவும்போது அந்த மயிர்கள் பழைய மண்ணோடேயே அறுந்து போகின்றன. வாய் இல்லாதவன் கிணற்றுக்குள் நிற்கிறான். மேலே இலை வழக்கம்போல ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் வாட்டம். மருந்து தண்ணீரல்ல, நிழல். வெளிப்பக்க இலைகளில் சிலவற்றைப் பாதியாக நறுக்கலாம். முழுக்க மொட்டையடிக்கக் கூடாது, புது வேருக்குச் சாப்பாடு அனுப்ப இலை வேண்டும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது ஒன்றிரண்டு இலைக் கொப்பை விட்டுவைக்கும் வழக்கம் உண்டே, அந்தக் கணக்குத்தான். தவறணையில் நாற்றுக்குமேல் பொலித்தீனை வளைத்துக் கூடாரம் போடுவதும் இதற்கே: வேர் வரும்வரை காற்றையே ஈரமாக வைத்தால் இலை தண்ணீரை இழக்காது.

ஸ்பஞ்சும் கல்லும்

ஒரு பிழையை ஒத்துக்கொள்ள வேண்டும். சில வருசத்துக்கு முன் இதே குடைப்பூவின் ஒற்றைக் குருத்தை நான் பெரிய சிமெந்துச் சாடியில் நட்டேன். வடிகால் நன்றாக இருக்கட்டும் என்று அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கல் பரப்பினேன். டயகம மழை உங்களுக்குத் தெரியாது. விடாமல் நூலாகப் பெய்யும். இரண்டு மாதத்தில் குருத்து கையோடு வந்தது, அடி அழுகி, நாற்றத்தோடு.

கல் போட்டும் ஏன்? பாத்திரம் கழுவும் ஸ்பஞ்சை எடுங்கள். தண்ணீரில் முக்கி, படுக்கைவசமாகப் பிடியுங்கள். சொட்டி முடியட்டும். இப்போது பிழியாமல், நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி சொட்டும்! ஸ்பஞ்சின் அடியில் எப்போதும் ஓர் ஈரப் பட்டை வடியாமல் நிற்கும். நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பட்டை அது. படுக்கைவசத்தில் அந்தப் பட்டை அகலமாக இருக்கிறது. நிறுத்தினால் சிறிதாகிறது, மிச்சம் வடிகிறது.

சாடி மண்ணும் ஸ்பஞ்சுதான். அதன் அடியிலும் அப்படியொரு தேங்குபட்டை இருக்கிறது. கீழே கல் போட்டால் பட்டை மறைவதில்லை. நுண்துளை மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய இடைவெளிக்குள் இறங்க மறுத்து, கல்லுக்கு மேலே குந்திக்கொள்கிறது. நான் தண்ணீரை நாலு விரல் உயரத்துக்குத் தூக்கி, வேரின் மடியிலேயே கொடுத்திருக்கிறேன். குடிக்க ஆளில்லாத பெரிய சாடி வேறு. தண்ணீர் நிறைந்த துளையில் காற்று இல்லை. மூச்சு முட்டிய வேர் முதலில் சாகிறது, அழுகல் பிறகு வருகிறது.

இந்தத் தடவை பங்கின் வேர் கொள்ளும் அளவுக்கு மட்டும் வாளி, சுற்றி இரண்டு விரல் இடைவெளி. கல் இல்லை. மண்ணோடு தும்புத்தூளும் கருங்கல் குறுணியும், ஆழம் முழுக்கக் கலந்து.

வயது என்ன?

நாலு வாளியில் எது தாய், எது பிள்ளை? கேள்வியே பிழை. நாலும் அதே செடி. அதன் வயதைச் சொல்ல வேண்டுமானால், தென்னாபிரிக்காவில் எப்போதோ விழுந்து முளைத்த ஒரு விதையிலிருந்து எண்ண வேண்டும். அநுராதபுரத்து மகாபோதியும் அப்படித்தான்: கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்ததாக மகாவம்சம் சொல்லும் அந்தக் கிளை, புத்தகயாவில் நின்ற மரத்தின் தொடர்ச்சி.

நகலுக்கு ஒரு கெடுதியும் உண்டு. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். குரோ மிஷெல் என்ற வாழை ஒருகாலம் உலகச் சந்தை முழுக்க நிறைந்திருந்தது. பனாமா வாடல் நோய் வந்து, 1950களில் தோட்டம் தோட்டமாக அதைத் துடைத்தெடுத்தது. எல்லாம் ஒரே கன்றின் நகல்கள்.

எங்கள் நாலு பங்கில் ஒன்று அம்மாவிடமே. ஒன்று பாண் கத்தியைப் பார்த்துச் சிரித்த சித்தப்பாவிடம். ஒன்று தலவாக்கலையில் அத்தை வீட்டுக்குப் போனது. நாலாவதை நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குக் கொண்டுவந்தேன். முதல் வருசம் நாலிலும் பூவில்லை. வேரைச் சரிக்கட்டுவதிலேயே வருமானம் போயிற்று. இரண்டாம் வருசம் அம்மாவிடம் மூன்று குடை, சித்தப்பாவிடம் நாலு, அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். வெள்ளவத்தை மாடியில், இரவிலும் வியர்க்கும் இந்த ஊரில், என் பங்கு வாளி நிறைய இலையாக நிற்கிறது. ஞாயிறு தோறும் தொலைபேசியில் ஒரே கேள்வி.

"பூத்துச்சா?"

"இல்லம்மா."

"அங்க குளிர் இல்லையே தம்பி. அத இங்க கொண்டாந்துரு."